நிக்கல் பரப்பில் கரிப்படிவு: ஒரு வரலாறு

சூடான நிக்கல் உலோகத்தின் மீது மெத்தேன், நாப்தா ஆவி, கார்பன் மோனாக்சைடு போன்றவை படும்போது அவற்றின் மூலக்கூறுகள் உடைகின்றன. அப்போது பிரியும் கார்பன் அணுக்கள் உலோகத்தின் மேலேயே தங்கிச் சேர்ந்துவிடுவது கரிப்படிவு எனப்படும். அது பிசின் போன்ற பூச்சாகவோ, கண்ணுக்குத் தெரியாத இழையாகவோ, ஓர் அணு தடிமனே கொண்ட கிராஃபீன் தாளாகவோ அமையலாம். உரத் தொழிற்சாலைகளில் இது ஆலையையே நிறுத்திவிடக்கூடிய தொல்லை. மின்னணுப் பொருள்களை ஆராய்பவர்களுக்கு இதுவே வேண்டிய விளைபொருள். இரண்டுக்கும் அடிப்படை நிக்கல் பரப்பில் அணு அளவில் நடக்கும் ஒரு போட்டி. அந்தப் போட்டியை அறிவியலாளர்கள் ஏறக்குறைய 115 ஆண்டுகளில் படிப்படியாக அறிந்துகொண்ட வரலாற்றை இக்கட்டுரை விவரிக்கிறது.

அன்றாட வாழ்வில் நிக்கல்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ள ஊர் கிளியனூர். அதற்கு வடகிழக்கே மரக்காணம் உப்பளங்கள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் நெல்லும், இப்பகுதி மக்கள் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் அழைக்கும் நிலக்கடலையும் பயிராகின்றன. நிக்கல் வேதியியலுக்கும் இத்தகைய ஊருக்கும் தொடர்பு இல்லை என்று தோன்றலாம். ஆனால் உப்பு, மணிலா எண்ணெய், வயலுக்கு இடும் யூரியா ஆகிய மூன்றும் நிக்கலின் வரலாற்றில் இடம்பெற்றவை.

உப்பிலிருந்து சோடா உப்பைத் தயாரித்த ஓர் ஆங்கிலேயத் தொழிற்சாலையில்தான் நிக்கலின் விந்தையான குணம் முதலில் வெளிப்பட்டது. எண்ணெயை வனஸ்பதியாக இறுகச் செய்வது நிக்கல் வினையூக்கி. இந்தியாவில் 1937ஆம் ஆண்டு அறிமுகமான டால்டா இம்முறையில் தயாரானது. யூரியாவுக்குத் தேவையான அமோனியாவைத் தயாரிக்கும் ஆலைகளில் ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பதும் நிக்கல்தான். வினையூக்கி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் எஞ்சும் பொருள். நிக்கல் செலவாவதில்லை என்றாலும் அதன் மேல் கரி மூடினால் அது வேலை செய்யாது.

உப்புத் தொழிற்சாலையில் கண்ட கருந்தோடு

1861ஆம் ஆண்டு பெல்ஜியத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் சால்வே, உப்புக்கரைசலில் அமோனியாவையும் கார்பன் டைஆக்சைடையும் செலுத்திச் சோடா உப்பைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியில் பிறந்த லுட்விக் மோண்ட் அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். ஜான் பிரன்னருடன் சேர்ந்து 1873இல் செஷயர் மாவட்டத்தின் வின்னிங்டனில் பிரன்னர் மோண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். செஷயர் நிலத்தடி உப்புக்குப் பெயர்பெற்ற பகுதி.

சால்வே முறையில் உப்பிலுள்ள சோடியம் பயன்படுகிறது, குளோரின் வீணாகிறது. அதை மீட்க நினைத்த மோண்ட், அமோனியம் குளோரைடை ஆவியாக்கிச் செலுத்தும் ஓர் அமைப்பை உருவாக்கினார். அந்த ஆவியைத் தாங்குவதற்காக வால்வுகள் நிக்கலால் செய்யப்பட்டன. ஆய்வகத்தில் அவை நன்றாக வேலை செய்தன. தொழிற்சாலையில் பொருத்தியபோது அவற்றின் மேல் கரிய தோடு படிந்தது. வால்வுகள் கசியத் தொடங்கின.

அந்தத் தோட்டில் கார்பன் இருந்தது. ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் இருந்த வேறுபாட்டைத் தேடியபோது காரணம் தெரிந்தது. தொழிற்சாலையில் அமோனியாவை வெளியேற்றப் பயன்படுத்திய கார்பன் டைஆக்சைடில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. சூடான நிக்கலின் மீது இரண்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கார்பன் டைஆக்சைடாகவும் ஒரு கார்பன் அணுவாகவும் மாறுகின்றன. பின்னாளில் இவ்வினை பிரெஞ்சு வேதியியலாளர் பூதுவாரின் பெயரால் அழைக்கப்பட்டது.

மோண்ட், கார்ல் லாங்கர், பிரிடரிக் குயின்க்கே ஆகிய மூவரும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். நிக்கல் தூளின் மீது கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி, வெளிவரும் வாயுவை எரித்தனர். நிக்கல் ஓரளவு குளிர்ந்த நிலையில் சுடர் ஒளிவீசியது. சுடரின் மேல் காட்டிய பீங்கானில் உலோகம் கண்ணாடிபோல் படிந்தது. திண்ம உலோகமான நிக்கல், கார்பன் மோனாக்சைடுடன் சேர்ந்து ஆவியாகப் பறந்து வந்திருந்தது. நிக்கல் கார்பனைல் என்னும் இச்சேர்மத்தைப் பற்றி அவர்கள் 1890இல் வெளியிட்டனர். இது 43 பாகை செல்சியஸில் கொதிக்கும் கொடிய நச்சுப்பொருள். இதைப் பயன்படுத்தி நிக்கலைத் தூய்மையாக்கும் ஆலை 1902இல் வேல்ஸ் நாட்டின் கிளைடாக்கில் தொடங்கியது.

இவ்வாறு ஒரே ஆராய்ச்சியில் இரண்டு செய்திகள் கிடைத்தன. கார்பன் மோனாக்சைடு நிக்கலின் மீது கரியாகப் படியும். குறைந்த வெப்பநிலையில் நிக்கலையே ஆவியாக்கி எடுத்துச் செல்லும். இரண்டாவது செய்தி உலகப் புகழ் பெற்றது. கரியைப் பற்றிய முதல் செய்தி நெடுங்காலம் ஆலைப் பொறியாளர்களின் கவலையாக மட்டுமே இருந்தது.

சபாத்தியேவின் சோதனை

1896இல் பிரான்சில் ஆன்றி முவாசானும் சார்ல் மூரியும் நிக்கல் தூளின் மீது அசெட்டிலீன் வாயுவைச் செலுத்தினர். தூள் கனன்று ஒளிர்ந்தது, கரி படிந்தது. துலூசில் பணியாற்றிய பால் சபாத்தியே இதே முறையில் எத்திலீனைச் சோதித்தார். சுமார் 300 பாகை வெப்பத்தில் நிக்கலின் மேல் ஏராளமான கரி படிந்தது. ஆனால் அவர் கவனித்தது கரியை மட்டுமன்று, வெளியேறிய வாயுவையும் ஆராய்ந்தார். அதில் பெரும்பகுதி ஈத்தேன். எத்திலீனின் ஒரு பகுதி உடைந்து ஹைட்ரஜனைக் கொடுக்க, அந்த ஹைட்ரஜனை மற்றொரு பகுதி ஏற்று ஈத்தேனாக மாறியிருந்தது. நிக்கல் இவ்விரண்டையும் செய்ய வல்லது என்பது இதனால் தெரிந்தது.

1897இல் சபாத்தியேவும் ஜான் பாப்டிஸ்ட் சாந்தரான்சும் எத்திலீனுடன் ஹைட்ரஜனையும் சேர்த்துச் செலுத்தினர். கரி படியவில்லை, ஈத்தேன் மட்டும் உருவானது. 1902இல் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் நிக்கலின் மீது செலுத்தி மெத்தேனையும் நீரையும் பெற்றனர். இப்பணிகளுக்காகச் சபாத்தியே 1912ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எண்ணெயை இறுகச் செய்யும் முறைக்கும் இதுவே அடித்தளம்.

அருகில் ஹைட்ரஜன் இருந்தால் கார்பன் அதனுடன் சேர்ந்து வெளியேறுகிறது, இல்லாவிட்டால் கரியாகத் தங்குகிறது. கரிப்படிவின் முழு வரலாறும் இந்த ஒரு கூற்றின் விரிவே. கார்பன் அணுவை முதலில் அடைவது யார் என்பதே கேள்வி. ஹைட்ரஜனோ ஆக்ஸிஜனோ முதலில் வந்தால் கார்பன் வாயுவாகிப் போய்விடும். இன்னொரு கார்பன் முதலில் வந்தால் கரி உருவாகத் தொடங்கும்.

உர ஆலையின் குழாய்கள்

1902ஆம் ஆண்டின் வினையைத் திருப்பிச் செய்தால் மெத்தேனும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். நீராவி மறுசீராக்கம் என்னும் இம்முறை 1930களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தொழில்முறைக்கு வந்தது. கிடைக்கும் ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனுடன் சேர்த்தால் அமோனியா. அமோனியாவைக் கார்பன் டைஆக்சைடுடன் சேர்த்தால் யூரியா.

இவ்வினை நடக்கும் உலைக்கு ஆலைகளில் ரிஃபார்மர் என்று பெயர். அதில் நிக்கல்–குரோமியம் கலந்த உலோகக் கலவையால் ஆன குழாய்கள் செங்குத்தாக வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு மேல் நீளம், உள்விட்டம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். உள்ளே, அலுமினா மீது நிக்கல் ஏற்றப்பட்ட சிறு வளையங்கள் நிரப்பப்பட்டிருக்கும். வெளியே பர்னர்கள் எரியும். வெளியேறும் வாயு ஏறக்குறைய 800 பாகை வெப்பத்தில் இருக்கும். வினை வெப்பத்தை உறிஞ்சுவதால், அது ஒழுங்காக நடக்கும்வரை குழாய்ச் சுவர் அளவுக்கு மீறிச் சூடாவதில்லை.

உள்ளே கரி படிந்தால் நிலைமை மாறுகிறது. வளையங்கள் நொறுங்குகின்றன, வாயு செல்லும் வழி அடைபடுகிறது. வினை நின்ற இடத்தில் வெப்பத்தை உறிஞ்ச எதுவும் இல்லாததால் குழாய்ச் சுவர் பளிச்சென்று சிவக்கிறது. சூடு கூடக் கூட இன்னும் கரி படிகிறது. இக்குழாய்கள் பொதுவாக 1,00,000 மணி நேரம், அதாவது 11 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. வெப்பநிலை வடிவமைத்த அளவைவிட 20 பாகை கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. குழாய் வெடித்தால் ஆலை நிற்கும். சம்பாவுக்கு மேலுரம் இட வேண்டிய வாரத்தில் யூரியா மூட்டைகள் வந்துசேராமல் போவதற்கு இப்படி ஒரு காரணமும் இருக்க முடியும்.

நாப்தாவும் பொட்டாசும்

மெத்தேனில் ஒரே ஒரு கார்பன் அணு. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ஒவ்வொரு மூலக்கூறிலும் பல கார்பன் அணுக்கள் தொடராக இருக்கின்றன. அத்தொடர் நிக்கலின் மீது எளிதில் உடைந்து, அருகருகே பல கார்பன் அணுக்களை விட்டுச்செல்கிறது. எனவே நாப்தா கரி படியச் செய்வதில் மெத்தேனைவிட மிகவும் மோசமானது. இயற்கை எரிவாயு கிடைக்காத நாடுகளுக்கோ நாப்தாவை விட்டால் வேறு வழி குறைவு.

இதற்குத் தீர்வு கண்டது இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம். 1926இல் பிரன்னர் மோண்டும் வேறு மூன்று நிறுவனங்களும் இணைந்து உருவானதே ஐ.சி.ஐ. நிக்கல் வால்வில் கரியைக் கண்ட நிறுவனத்தின் வாரிசே அக்கரியைக் கட்டுப்படுத்தும் வழியையும் கண்டது. அதன் வேதியியலாளர்கள் நிக்கல் வினையூக்கியில் பொட்டாசைச் சேர்த்தனர். பொட்டாசியம் இருக்கும்போது நீராவி கார்பனைத் தாக்கி வாயுவாக்கும் வேகம் கூடுகிறது. இந்த அடிப்படையில் உயர் அழுத்த நாப்தா ரிஃபார்மர் 1962இல் ஹீஷாமில் இயங்கத் தொடங்கியது.

தமிழ்நாட்டின் உரத் தொழில் வளர்ந்தது இந்த நாப்தாக் காலத்தில்தான். மணலியில் மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம் 1966இல் அமைக்கப்பட்டு 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே 1969இல் இயங்கத் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் அதற்கு நாப்தா வழங்கியது. தூத்துக்குடியில் 1969இல் நிறுவப்பட்ட ஸ்பிக் நிறுவனம் 1975இல் உர உற்பத்தியில் இறங்கியது. பீகாரில் அன்று இருந்த சிந்திரியில் (இன்று ஜார்க்கண்ட்) இந்திய உரக் கழகத்தின் திட்டமிடல்–வளர்ச்சிப் பிரிவு, இறக்குமதியை நம்பியிராமல் உர ஆலைகளுக்கான வினையூக்கிகளை நாட்டிலேயே தயாரிக்கும் பணியில் ஈடுபட்டது.

இத்தகைய ஓர் ஆலையில் முந்தைய கண்டுபிடிப்புகள் அனைத்தும் ஒன்றுசேர்கின்றன. ரிஃபார்மரில் நிக்கல் நாப்தாவை உடைக்கிறது. பின்னர் எஞ்சியிருக்கும் சிறிதளவு கார்பன் மோனாக்சைடை மெத்தனேட்டர் என்னும் பகுதியில் நிக்கல் மெத்தேனாக மாற்றுகிறது. இது சபாத்தியேவின் 1902ஆம் ஆண்டு வினை. ஆலையை நிறுத்தும்போது வெப்பநிலை 200 பாகைக்குக் கீழ் இறங்குமுன் அங்கிருந்து கார்பன் மோனாக்சைடை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் மோண்ட் கண்ட நச்சுப்பொருளான நிக்கல் கார்பனைல் உருவாகிவிடும்.

மூன்று வகைக் கரி

ஆலை அனுபவத்திலிருந்தும் ஆய்வுகளிலிருந்தும் கரிப்படிவு மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டது.

பிசின் வகை: ஏறக்குறைய 500 பாகைக்குக் கீழ், நாப்தா போன்ற நீண்ட மூலக்கூறுகள் முழுதாக உடையாமல் நிக்கலைப் போர்த்துகின்றன. வினையூக்கி மெல்ல மெல்லச் செயலிழக்கிறது.

இழை வகை: 450 பாகைக்கு மேல் கார்பன் மயிர்போல் வளர்கிறது. நிக்கல் துகள் அதன் நுனியில் உட்கார்ந்தபடி மேலே தூக்கப்படுகிறது. துகளின் செயல்திறன் உடனே குறைவதில்லை. ஆனால் இழைகள் வளர்ந்து வளையத்தை உடைத்துவிடுகின்றன.

வெப்பச் சிதைவு வகை: 600 பாகைக்கு மேல் வாயு தானாகவே சிதைந்து வளையத்தின் மீதும் குழாய்ச் சுவரிலும் கெட்டியான கரியாக ஒட்டுகிறது.

இவற்றில் இழை வகையே அறிவியலாளர்களை மிகவும் ஈர்த்தது. ஓர் உலோகத் துகள் தன் அடியில் கார்பனைக் கட்டியெழுப்பிக்கொண்டு எப்படி மேலே போகிறது என்பது புதிராக இருந்தது.

நுண்ணோக்கியின் கீழ்

1931இல் ஜெர்மனியில் உருவான எலக்ட்ரான் நுண்ணோக்கி, ஒளியால் பார்க்க இயலாதவற்றைக் காட்டியது. 1952இல் சோவியத் ஆய்வாளர்கள் ரதுஷ்கேவிச்சும் லுக்யானோவிச்சும், இரும்பின் மீது கார்பன் மோனாக்சைடு சிதைந்து உருவான நுண்ணிழைகளின் படங்களை வெளியிட்டனர். ஆனால் அவை வளர்ந்து முடிந்த இழைகளின் படங்கள். வளரும்போதே பார்ப்பதற்கு நுண்ணோக்கிக்குள் சூடும் வாயுவும் வேண்டும். நுண்ணோக்கியோ வெற்றிடத்தில்தான் இயங்கும்.

இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் டெர்ரி பேக்கரும் அவருடைய குழுவினரும் இச்சிக்கலைக் கடந்தனர். 1972இல், நுண்ணோக்கிக்குள் வைத்த நிக்கல் துகள்களின் மீது அசெட்டிலீனைச் செலுத்தி இழைகள் வளர்வதை நேரடியாகப் படமெடுத்தனர். இழை வளரும் வேகம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் விதம், நிக்கலுக்குள் கார்பன் ஊடுருவிச் செல்லும் வேகம் மாறும் விதத்தோடு ஒத்துப்போனது. எனவே அவர்கள் ஒரு விளக்கம் தந்தனர்: கார்பன் துகளின் ஒரு பக்கத்தில் கரைந்து, உள்ளே பயணம் செய்து, மறுபக்கத்தில் இழையாக வெளிப்படுகிறது.

நிக்கலில் கார்பன் கரையும் என்பது முன்பே தெரிந்ததே. 1,000 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 100 நிக்கல் அணுக்களுக்கு ஒரு கார்பன் அணு என்ற அளவில் கரைகிறது. குளிரும்போது அவ்வளவு கார்பனுக்கு உள்ளே இடமில்லை. 1974இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன், பாட்டீல், பிளேக்லி ஆகியோர், கார்பன் கரைந்த நிக்கல் ஒற்றைப் படிகம் குளிரும்போது அதன் பரப்பில் நிகழ்வதைக் கவனித்தனர். குறிப்பிட்ட வெப்பநிலையை எட்டியதும், சிதறிக் கிடந்த கார்பன் திடீரென ஓரணுத் தடிமனுள்ள கிராஃபைட் தாளாகப் பரப்பை மூடியது. இன்னும் குளிர்ந்தால் தாளின் மேல் தாளாகத் தடித்தது. அந்த ஓரணுத் தாளையே இன்று கிராஃபீன் என்கிறோம்.

கிராஃபீன் நிக்கலின் மீது இவ்வளவு நேர்த்தியாகப் படிவதற்கு ஒரு வடிவியல் காரணம் உண்டு. நிக்கலின் மிக நெருக்கமான பரப்பில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.249 நானோமீட்டர். கிராஃபீனின் தேன்கூட்டு அமைப்பு ஒவ்வொரு 0.246 நானோமீட்டருக்கும் ஒருமுறை திரும்ப வருகிறது. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியதே.

இந்தியாவிலும் இக்காலத்தில் வினையூக்க ஆய்வு வேரூன்றியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பணியாற்றிய எம். வி. சி. சாஸ்திரி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் இணைக்கும் உலோக வினையூக்கிகளை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். 2006இல் சென்னையில் அதே கழகத்தில் தேசிய வினையூக்க ஆய்வு மையம் அமைந்தது.

படி விளிம்பு

நிக்கல் பரப்பு பளிங்குத் தரைபோல் சமமானது அன்று. அணு அளவில் அது கோயில் குளத்தின் படிக்கட்டைப் போன்றது: அகலமான தளம், ஓரணு உயரமுள்ள படி, மீண்டும் தளம். உலோகத்தின் உள்ளே இருக்கும் நிக்கல் அணுவைச் சுற்றி 12 அண்டை அணுக்கள் உள்ளன. நெருக்கமான தளத்தில் உள்ள அணுவுக்கு 9. படியின் விளிம்பில் உள்ள அணுவுக்கு 7 மட்டுமே. அண்டை குறையக் குறைய, வெளியிலிருந்து வரும் மூலக்கூறை அந்த அணு மேலும் இறுக்கமாகப் பற்றும். ஆகவே மெத்தேனின் பிணைப்புகள் படி விளிம்பில்தான் மிக எளிதாக முறிகின்றன. விடுபட்ட கார்பன் அணு உறுதியாகப் பற்றிக்கொள்வதும் அங்கேதான்.

இதை நேரில் காட்டியது 2004இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு. டென்மார்க்கின் ஹால்டோர் டாப்சோ நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீக் ஹெல்வெக்கும் உடனாய்வாளர்களும், 5 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள நிக்கல் துகள்களின் மீது மெத்தேனைச் செலுத்தி, 500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அணுத் தெளிவுடன் படமெடுத்தனர். துகள் கெட்டியான உருண்டையாக இருக்கவில்லை. இழை வளர வளர அது குழாய்க்குள் இழுக்கப்பட்டதுபோல் நீண்டது, பின்னர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சட்டென்று சுருங்கி உருண்டையானது, மீண்டும் நீண்டது. நீளும்போது பரப்பில் ஓரணு உயரப் படிகள் தாமாகவே தோன்றின. ஒவ்வொரு படி விளிம்பிலிருந்தும் ஒரு கிராஃபீன் தாள் புறப்பட்டது. விளிம்பிலிருந்த நிக்கல் அணுக்கள் விலகிச் செல்ல, அவ்விடத்தில் கார்பன் அணுக்கள் அமர்ந்தன.

இதனால் போட்டி நடக்கும் இடம் எது என்பது தெளிவானது. படி விளிம்பை அடைந்த கார்பன் அணுவுக்கு மூன்று வழிகள் உள்ளன. நீராவியிலிருந்து வந்த ஆக்ஸிஜனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறலாம். நிக்கலுக்குள் கரையலாம். பக்கத்திலுள்ள கார்பனுடன் கைகோத்துக் கிராஃபீனின் முதல் கண்ணியாகலாம். கிராஃபீன் துண்டு மிகச் சிறியதாக இருக்கும்வரை அதன் ஓரத்து அணுக்கள் நிலையற்றவை. துண்டு எளிதில் கலைந்துவிடும். ஓர் அளவைத் தாண்டினால் பிறகு வளர்வதே அதற்கு எளிது. ஆகவே கரியைத் தடுக்க விரும்புவோர் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும்.

விளிம்பை அடைத்தல்

இந்த அறிவு பழைய ஆலை அனுபவங்களுக்குப் புதிய பொருள் தந்தது. கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு. அதனால் நாப்தாவிலிருந்து கந்தகத்தை முழுவதும் நீக்கிய பிறகே ரிஃபார்மருக்குள் அனுப்புகின்றனர். ஆனால் டாப்சோ நிறுவனத்தின் ஜென்ஸ் ரோஸ்ட்ரப் நீல்சன், அளந்து விட்ட மிகச் சிறிதளவு கந்தகம் கரிப்படிவைத் தடுப்பதை 1984இல் எடுத்துக்காட்டினார். ஹைட்ரஜன் உற்பத்தியின் வேகம் குறைகிறது, கரியோ அதைவிடப் பன்மடங்கு குறைகிறது. கிராஃபீன் உருவாகப் பல அணுக்கள் சேர்ந்த இடம் வேண்டும். மறுசீராக்கத்துக்கு அதைவிடச் சிறிய இடம் போதும். கந்தகம் பெரிய இடங்களைத் துண்டாடிவிடுகிறது.

1998இல் டென்மார்க் ஆய்வாளர்கள் நிக்கலின் பரப்பில் சிறிதளவு தங்கத்தைக் கலந்து இதே விளைவைப் பெற்றனர். 2002இல் வெளியான கணக்கீடுகள், கந்தகம், தங்கம், பொட்டாசியம் ஆகிய மூன்றுமே படி விளிம்புகளில் போய் உட்கார விரும்புபவை என்று காட்டின. 1962இல் ஐ.சி.ஐ. சேர்த்த பொட்டாசு நீராவியின் வேகத்தைக் கூட்டியதோடு விளிம்புகளையும் அடைத்திருக்கிறது என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது.

கற்பூரத்திலிருந்து கிராஃபீன்

தடுக்கத் தெரிந்தால் வளர்க்கவும் தெரியும். 1997இல் பெங்களூருவில் சி. என். ஆர். ராவ், ரகுல் சென், ஏ. கோவிந்தராஜ் ஆகியோர், நிக்கலோசீன் போன்ற உலோகம் கலந்த கரிமச் சேர்மங்களைச் சூடாக்கிக் கார்பன் நானோகுழாய்களைப் பெறும் முறையை வெளியிட்டனர். இதில் உலோகமும் கார்பனும் ஒரே மூலக்கூறிலிருந்து வருகின்றன.

2006இல் ஜப்பானின் சூபு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இந்தியர்களான பிரகாஷ் சோமானி, சவிதா சோமானி ஆகியோரும் மசயோஷி உமேனோவும், நிக்கல் தகட்டின் மீது கற்பூர ஆவியைச் சிதைத்து ஏறக்குறைய 35 அடுக்குள்ள கிராஃபீன் படலத்தைப் பெற்றனர். ஆவியிலிருந்து கிராஃபீன் படலம் வளர்க்கும் முயற்சிகளில் இது தொடக்கக் காலத்தைச் சேர்ந்தது. 2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலும் தென்கொரியாவிலும் மெல்லிய நிக்கல் படலத்தின் மேல் சில அடுக்குகளே கொண்ட கிராஃபீன் வளர்க்கப்பட்டு வேறு பரப்புக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் டெக்சஸ் ஆய்வாளர்கள் செம்பைப் பயன்படுத்தி ஒற்றை அடுக்கைப் பெற்றனர். செம்பில் கார்பன் ஏறக்குறைய கரைவதே இல்லை. எனவே குளிரும்போது உள்ளிருந்து கூடுதல் அடுக்குகள் வெளிவருவதில்லை.

நிக்கலின் அந்தக் குறையே வேறொரு பயனைத் தந்தது. 2015இல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உமேஷா மொகேராவும் ஜி. யு. குல்கர்னியும் உடனாய்வாளர்களும், அந்துருண்டையில் உள்ள நாப்தலீனை நிக்கல் தகட்டில் பூசி, தகட்டின் வழியே மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றினர். உருவான பல அடுக்குக் கிராஃபீனில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் திருகி அமைந்திருந்தன. அதனால் ஒவ்வோர் அடுக்கும் தனித்த கிராஃபீனைப் போலவே நடந்துகொண்டது.

இன்றைய நிலை

சென்னைக்கு அருகே எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மணலி உர ஆலை நாப்தாவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய்வழி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாப்தாவின் நீண்ட கார்பன் தொடருக்குப் பதிலாக ஒரே கார்பன் கொண்ட மெத்தேன் வருவதால் கரிப்படிவின் ஆபத்து குறைகிறது, நீங்கிவிடுவதில்லை. ஒரு கார்பன் அணுவுக்கு ஏறக்குறைய மூன்று நீராவி மூலக்கூறுகள் என்ற விகிதத்தை ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் கண்காணிக்கின்றனர். கார்பன் அணுவை ஆக்ஸிஜன் முதலில் அடைய வேண்டும் என்பதற்கான காவல் அது. அந்த நீராவியைக் காய்ச்ச எரிபொருள் செலவாகிறது. கரி படியாத வினையூக்கி கிடைத்தால் நீராவியைக் குறைக்கலாம், எரிபொருளும் மிச்சமாகும்.

ஆய்வு இப்போது இரு திசைகளில் செல்கிறது. நீராவிக்குப் பதிலாகக் கார்பன் டைஆக்சைடைக் கொண்டு மெத்தேனை மறுசீராக்கும் முறையில் கரிப்படிவே முதன்மைத் தடை. மெத்தேனை ஹைட்ரஜனாகவும் திண்மக் கரியாகவும் நேரடியாகப் பிரிக்கும் முறையில், கரி படிவதுதான் நோக்கம். கார்பன் டைஆக்சைடாகக் காற்றில் கலக்க வேண்டிய கார்பன் மூட்டையில் கட்டக்கூடிய பொருளாகிவிடும். அங்கே தீர்க்க வேண்டியது, படிந்த கரியை நிக்கலிலிருந்து எளிதாகப் பிரித்தெடுத்து வினையூக்கியை மீண்டும் பயன்படுத்துவது எப்படி என்பதே.

மோண்டின் வால்வில் கருந்தோடு படிந்தபோது அதைத் துடைத்தெறியாமல் ஆராய்ந்ததால் இவ்வரலாறு தொடங்கியது. பிரன்னர் மோண்ட் நிறுவனம் இன்று டாடா கெமிக்கல்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. குஜராத்தின் மிதாப்பூரில் கடல் உப்பிலிருந்து சோடா உப்புத் தயாரித்து வளர்ந்த அந்நிறுவனம் 2006இல் அதை முழுமையாக வாங்கியது.